அடுத்தடுத்த பதினாறு

ஜனவரியில் கிளாக்ஸ்விக் விடியப் பத்து மணியாகும்.
நான் ஐந்தே முக்காலுக்கு வந்துவிட்டேன்.
கீழே ஏல மண்டபத்தில்
காட் மீன் பெட்டிகளைத் தரதரவென்று இழுக்கிற சத்தம்.
மாடியில், துடைப்பம் வைக்கும் அறையை ஒட்டி,
எங்கள் மின்னஞ்சல் சர்வர்
மூச்சை இழுத்துப் பிடித்தபடி நின்றது.

செத்திருந்தால் எழுப்பியிருப்பேன்.
இது சாகவில்லை.
விளக்கெல்லாம் பச்சை.
ஒரு கடிதத்தை வாங்கிக்கொண்டு
ஒன்பதைத் தொங்கவிடுகிறது,
கேட்டால் "இதோ, இதோ" என்கிறது.

"ரன்வா, கிரிம்ஸ்பிக்கு ஏழு மணிக்குள் விலைப்பட்டியல் போகணும்."
ஹியோர்டிஸ். படியேறி வந்த மூச்சிரைப்போடு.

நிகழ்வுப் பதிவைத் திறந்தேன்.
மஞ்சள் முக்கோணங்கள், வரிசையாய்.
மெய்நிகர் நினைவகம் துண்டு துண்டாகிவிட்டதாம்.
மொத்தக் காலியிடம் முந்நூறு மெகாபைட்டுக்கு மேல்.
ஒரே துண்டாய்க் கிடப்பதில் பெரியது, பதினொன்று.
அது கேட்பதோ பதினாறு,
அடுத்தடுத்த பதினாறு.

"பணம் இருக்கு, எல்லாம் சில்லறை, அப்படித்தானே?" என்றாள்.
இல்லை. சில்லறை என்றால் எண்ணிக் கொடுத்துவிடலாமே.

கல்சோய் தீவுப் படகை நினைத்துக்கொள்.
பதினைந்து கார் ஏறுகிற தளத்தில்
ஒவ்வொருத்தரும் முன்னும் பின்னும் ஒரு முழம் விட்டு நிறுத்திவிட்டார்கள்.
அத்தனை முழத்தையும் கூட்டினால்
பால் லாரியே நிற்கும்.
லாரி கரையிலேயே உறுமிக்கொண்டிருக்கிறது.
படகென்றால் ஓர் ஆள் வருவான்,
கையுறையால் பானட்டைத் தட்டி
"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பான்.
இதற்குள் தட்ட ஆளில்லை.
கொடுத்த முகவரி கொடுத்ததுதான்.
உட்கார்ந்தது தானாக எழுந்தால் உண்டு.

"போன கோடையில்தானே நாலு ஜிபி வாங்கினோம்?"
வாங்கினோம். தோக்கி வாங்கினான்,
சொருகினான், மூடியைத் திருகினான்,
ஆர்ஹுஸில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.
பலகையில் நான்கு இருந்தென்ன,
இரண்டுக்குள்தான் இது குடித்தனம் நடத்தியிருக்கிறது.
மற்ற இரண்டும் இயங்குதளத்தின் பங்கு,
கணக்காகப் பாதி.
மூன்றை இங்கே விடு, ஒன்றை நீ வைத்துக்கொள் என்று சொல்ல
தொடக்கக் கோப்பில் நாலே குறி போதும்.
ஒரு சாய்கோடு, ஒரு மூன்று, ஒரு ஜி, ஒரு பி.
அந்த நாலை அவன் எழுதவில்லை.

வாய் நிறையத் திட்டினேன்.
பாதித் திட்டில் ஞாபகம் வந்தது,
நவம்பரில் வைரஸ் தடுப்பை ஏற்றியவள் நான்.
அதன் துண்டுகளும் அங்கங்கே
கால் நீட்டிப் படுத்திருந்தன.
மீதித் திட்டை விழுங்கிவிட்டேன்.

நாலு குறியைத் தட்டினேன். இருமுறை சரிபார்த்தேன்.
நிற்கச் சொன்னேன்.
நிற்பதற்கே பத்தொன்பது நிமிடம் எடுத்துக்கொண்டது.
ஹியோர்டிஸ் பேசவில்லை.
ஃபேக்ஸ் இயந்திரத்தின் மேலிருந்த பூந்தொட்டியைத் தூக்கித்
தரையில் வைத்தாள்,
மண்ணை ஊதினாள்,
கிரிம்ஸ்பி எண்ணைச் சுழற்றத் தொடங்கினாள்.

அது திரும்ப எழுந்தபோது
நினைவகம் முழுக்க ஒரே வெள்ளை,
யாரும் மிதிக்காத பனிபோல.
இரண்டு வாரத்துக்குத் தாங்கும்,
நன்றாக நடந்துகொண்டால் இரண்டு மாதம்.
தேங்கிய ஆயிரத்து நானூற்றுச் சொச்சக் கடிதங்களும்
முண்டியடித்துக்கொண்டு வெளியேறின.

என் பெட்டியில் விழுந்த முதல் கடிதம்
சர்வரே எனக்கு எழுதியது.
நேற்றிரவு பதினொன்று ஐம்பத்திரண்டு:
இடம் குறைகிறது.
பிறகு பன்னிரண்டு இருபத்திரண்டு.
பிறகு அரைமணிக்கு ஒன்றாய், விடாமல்,
மொத்தம் பதினொரு கடிதம்,
அதே ஒரு வரி.
நான் தலையணையைக் கட்டிக்கொண்டு கிடந்த நேரமெல்லாம்
தன் வாசலிலேயே
தன் கடிதத்தை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

எச்சரிக்கையெல்லாம் இனிமேல் கைபேசிக்கு, வேறு வழியாக,
என்று மாற்றிவைத்தேன்.
பத்தை அழித்தேன்.

"பூந்தொட்டியைத் திரும்ப மேலே வைக்கலாமா?"
ஒரு வாரம் கீழேயே இருக்கட்டும் என்றேன்.